கண்ணீர்ச் சுரப்பிக் கட்டி: பயாப்ஸி இல்லாமல் நேராக ஆபரேஷனா?

அம்மாவின் கண்ணீர்ச் சுரப்பிக் கட்டிக்கு பயாப்ஸி (திசுவை எடுத்துப் பரிசோதிப்பது) செய்யாமல் நேராக ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னது அவசர முடிவா என்று கேட்கிறீர்கள். இல்லை. உங்கள் அம்மாவின் கட்டி பிளியோமார்ஃபிக் அடினோமா (புற்று அல்லாத ஒரு வகைக் கட்டி) என்று சந்தேகம் இருந்தால், முதலில் ஊசி குத்தியோ துண்டு வெட்டியோ பார்க்க மாட்டார்கள். கட்டியைச் சுற்றியுள்ள உறை கிழிந்தால் செல்கள் சிந்தி, கட்டி திரும்ப வரலாம். பிற்காலத்தில் புற்றாக மாறவும் கூடும். அதனால் உறையோடு முழுசாக எடுத்து, அப்புறம் பரிசோதிப்பார்கள்.

வலியில்லாமல் ஒரு வருஷத்துக்கும் மேலாக மெதுவாகக் கண் கீழே, மூக்குப் பக்கம் தள்ளப்படுகிறது என்கிறீர்கள். அது இந்த வகைக்குத்தான் பொருந்துகிறது. எப்போது ஆரம்பித்தது என்பதில் சந்தேகம் இருந்தால் பழைய போட்டோக்களைப் பாருங்கள். நினைவைவிட அவை நம்பகமானவை.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் எலும்பைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது? வழவழப்பான குழிவு என்றால் பெரும்பாலும் சாதுவான கட்டி. எலும்பு அரிப்பு, அதோடு சில மாதங்களில் வளர்ச்சி, வலி, நெற்றிப்பொட்டில் மரத்துப்போதல் இருந்தால் அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமாவை (சுரப்பியில் வரும் ஒரு புற்றுநோய்) நினைக்க வேண்டும். அங்கே பயாப்ஸி அவசியம். கட்டி கண்விழியை அழுத்தாமல் அதன் வடிவத்துக்கு ஏற்பப் படிந்திருந்தால் லிம்ஃபோமாவாக (நிணநீர்ச் செல்களின் புற்றுநோய்) இருக்கலாம். அதற்கும் பயாப்ஸிதான் முதல் வேலை.

ஸ்கேன் மட்டும் வகையை உறுதி செய்யாது. பார்வை மங்கினாலோ நிறங்கள் வெளிறித் தெரிந்தாலோ ஆபரேஷன் தேதிக்குக் காத்திருக்காமல் உடனே காட்டுங்கள்.