கிரவுனை மட்டும் மாற்றாதீர்கள்

கும்பகோணம் நண்பருக்கு வணக்கம். உங்கள் 1988 ஜாகுவார் எக்ஸ்.ஜே.எஸ் பின்பக்கம் ஊளையிடுகிறது, டிஃபரென்ஷியலை (பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி) பிரித்ததில் அதன் பெரிய பல்சக்கரமான கிரவுனில் இரண்டு பல் உடைந்திருக்கிறது, கிரவுனை மட்டும் மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாங்க. கிரவுனும், அதைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனும் ஜோடியாகவே தேய்த்துப் பொருத்தியவை. இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். தஞ்சாவூரில் ஒரு பழைய ஜீப்புக்குப் பினியனை மட்டும் மாற்றிவிட்டு, ஒரே மாதத்தில் நான் திரும்பவும் பிரித்தேன்.

வடித்த ஆயிலை வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பாருங்கள். பால் கலந்த காபி நிறம் என்றால் தண்ணீர் போயிருக்கிறது. ஐப்பசி மழையில் தேங்கிய தண்ணீரில் ஓட்டினீர்களா? அப்படியானால் பேரிங்குகளையும் மாற்றுங்கள்.

பினியன் முனையில் ஓர் எண் பொறித்திருக்கும். ஷிம் (பினியனைச் சரியான இடத்தில் நிறுத்த வைக்கும் மெல்லிய தகடு) கனத்தை அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். லாரி கிரவுன் செட் பண்ணிப் பழகிய மெக்கானிக்குக்கு இது பிடிபடும்; நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜ் வைத்திருக்கிறாரா என்று மட்டும் கேளுங்கள். பல்லில் நீலச் சாயம் தடவிச் சுற்றினால், பற்கள் தொடும் தடம் பல்லின் நடுவில் விழ வேண்டும்.

அப்புறம், இந்த வண்டியில் பின் பிரேக் டிஸ்க் டிஃபரென்ஷியலை ஒட்டியே இருக்கிறது. அந்தச் சூட்டில் பக்கவாட்டு ஆயில் சீல் வெந்துபோகும். டிஃபரென்ஷியலைத் தாங்கும் கூண்டு கீழே இருக்கும்போதே புதுசு போட்டுவிடுங்கள். டிஃபரென்ஷியல் லிமிடெட் ஸ்லிப் வகை (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்துவது) என்றால் அதற்கான ஆயிலை மட்டும் ஊற்றுங்கள், இல்லையேல் திருப்பத்தில் கடகடவென்று அதிரும்.