வில் இல்லாத வில்லுக்கத்தி

கேள்வி: அப்பா பாவித்த வில்லுக்கத்தி (மடிக்கிற கத்தி) ஒன்று நாற்பது வருடமாக என்னிடம் இருந்தது. போன மாரியோடு வில் உடைந்துபோயிற்று. வாழையிலை வெட்ட, உரப்பை நூல் அறுக்க, மாம்பழம் சீவ, பாக்குச் சீவ என்று எப்பவும் மடியில் கிடந்த சாமான். பெரியகடைப் பக்கம் தேடிப் பார்த்தேன். பத்து அலகு வைத்து மினுங்குகிறவைதான் இருக்கின்றன. நல்லூர்த் திருவிழாவுக்கு மச்சான் பாரிசிலிருந்து வருகிறார், என்ன வேணும் என்று கேட்கிறார். அவருக்குப் பெரிய செலவு வைக்க மனமில்லை. எதைச் சொல்லிவிடலாம், ஐயா? (கோண்டாவிலிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்)

பதில்: பத்து அலகுக்காரனை வாங்காமல் திரும்பியது நல்ல வேலை. எண்ணூறு ரூபாக் கத்தியில் பத்து அலகு இருந்தால் ஓர் அலகுக்கு எவ்வளவு காசு போயிருக்கும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். அதற்குள் ஆணி, தகடு, பிடி, பெட்டி, கடைக்காரரின் இலாபம் எல்லாம் அடங்கவேணும். மிச்சத்தில் வாங்கிய உருக்கு இரண்டு மாம்பழத்துக்குக் கூர் நிற்காது.

மச்சான் பாரிசில் இருப்பதால் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் அங்கேயே கிடக்கிறது. ஒப்பினெல் என்று கேட்கச் சொல்லுங்கள். பிரான்சின் சவோய் மலைப்பக்கத்துக் கமக்காரருக்காக 1890இல் ஜோசெப் ஒப்பினெல் என்ற கொல்லர் வீட்டுப் பிள்ளை செய்யத் தொடங்கிய கத்தி. ஒரு மரப்பிடி, ஓர் அலகு, ஓர் ஆணி, ஒரு வளையம், அவ்வளவுதான். பெரிய கடைத்தொகுதிகளிலும் இரும்புக்கடைகளிலும் இருக்கும். அலகின் அளவுக்கு ஏற்ப இலக்கம் போட்டு வரும்; எட்டாம் இலக்கம் பத்துப் பதினைந்து யூரோ அளவில் வரும். அங்கே அது ஆடம்பரச் சாமான் இல்லை; பாணும் சீஸும் வெட்டுகிற கத்தி. அதனால் மச்சானுக்கும் கை கடிக்காது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நாங்கள் மடிக்கிற கத்தியை வில்லுக்கத்தி என்று சொல்வதே முதுகுப்பக்கம் உள்ள வில்லினால்தான். அலகு விரிந்தாலும் மடிந்தாலும் நிலையில் நிற்பது அந்த உருக்குத் தகடு அழுத்துவதால். உங்கள் அப்பாவின் கத்தியில் உடைந்ததும் அதுதான். ஒப்பினெலில் வில்லே இல்லை. மரப்பிடி அலகை இறுக்கிப் பிடிக்கும் பிடிமானம் ஒன்று; விரித்தபின் கழுத்தில் உள்ள உருக்கு வளையத்தைத் திருப்பிப் பூட்டுவது இன்னொன்று. வளையம் 1955இல் வந்தது. பூட்டினால் அலகு விரலின்மேல் மடியாது. பிற்காலத்தில் மடித்த நிலையிலும் பூட்டக்கூடியதாக மாற்றினார்கள். சாரத்து மடியில் செருகுகிறவருக்கு இந்த இரண்டாவது பூட்டுத்தான் முக்கியம்.

இலக்கம் பற்றி மச்சானுக்குத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அவர் பெரிசாக வாங்கி வந்து நிற்பார். எட்டாம் இலக்கத்துக்கு அலகு எட்டரை சென்ரிமீற்றர், ஏழாம் இலக்கத்துக்கு எட்டு. கை சிறிதென்றால் ஏழு, மாம்பழத்துக்கும் வாழையிலைக்கும் எட்டு. பத்தாம் இலக்கம் மடியில் வைத்து நடக்கிற சாமானில்லை.

அடுத்தது உருக்கு. இங்கேதான் பலர் பிழைவிடுகிறார்கள். ஒரே கத்தி இரண்டு வகையில் வரும். கார்பன் உருக்கு சற்று மலிவு, தீட்டச் சுகம், கூர் மயிர் சிரைக்கும். மற்றது இனொக்ஸ், அதாவது கறள் பிடிக்காதது. அலகிலேயே எது என்று பொறித்திருக்கும். கத்திப் பிரியர்கள் எல்லாரும் கார்பனைத்தான் புகழுவார்கள். அவர்கள் இருப்பது குளிர் ஊரில். எங்கள் காற்றில் உப்பு இருக்கிறது, மடியில் வியர்வை இருக்கிறது. கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தை வெட்டித் துடைக்காமல் வைத்தால் கார்பன் அலகு பின்னேரத்துக்குள் கருநீலமாகிவிடும். அது கெடுதல் இல்லை, அந்தக் கறுப்பு உண்மையில் அலகைக் கொஞ்சம் காக்கும். கெடுதல் செம்மண் நிறத்தில் வருகிற கறள். அதைத் தடுக்க ஒவ்வொரு முறையும் துடைத்து ஒரு துளி தேங்காயெண்ணெய் தடவவேணும். நாற்பது வருடம் ஒரு கத்தியைக் காப்பாற்றியவர் நீங்கள். அந்தப் பழக்கம் உங்களிடம் இருக்கலாம். ஆனால் பேரன் கையிலும் அது போய்வரும். இனொக்ஸையே சொல்லுங்கள்.

மரப்பிடிக்கு ஒரு குணம் உண்டு, முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். என்னுடையதை ஒரு கார்த்திகை மாதம் மழையில் விறாந்தை விளிம்பில் மறந்துவிட்டேன். காலையில் எடுத்தால் மரம் ஊதி அலகைக் கவ்விக்கொண்டு நிற்கிறது. நகத்தால் இழுத்தேன், நகம்தான் மடிந்தது. பிறகு சவோய்க்காரர் செய்கிற வேலையைச் செய்தேன்: வளையத்தைத் திறந்துவிட்டு, பிடியின் அடிப்பக்கத்தைத் திண்ணை விளிம்பில் இரண்டு தரம் தட்டினேன். அலகின் நுனி ஒரு விரற்கடை வெளியே வந்தது. இரண்டு நாள் நிழலில் காயவிட்டேன், பழையபடி ஆகிவிட்டது. புதிசாக வந்தவுடன் ஆணிப்பக்க மரத்தில் எண்ணெய் ஊறவைத்தால் இந்தத் தொல்லை குறையும். கழுவலாம், தண்ணீரில் ஊறப்போடக்கூடாது.

பாக்கு என்று எழுதியிருந்தீர்கள். பச்சைப்பாக்கு சீவலாம். காய்ந்த பாக்கென்றால் பாக்குவெட்டியைத் தேடுங்கள். இந்த அலகு மெல்லிசு, விளிம்பு உதிர்ந்துவிடும். தேங்காய்ச் சிரட்டைக்கும் நுங்குக் கண் தோண்டவும் இதைக் கொடுக்கவே வேண்டாம். சீவுவதுதான் இதன் தொழில், நெம்புவது இல்லை.

வில் வைத்ததுதான் வேணும் என்று மனம் கேட்டால், அதே பிரான்சில் தியேர் என்ற கத்தி ஊரில் 1929இலிருந்து செய்கிற டுக்-டுக் இருக்கிறது. தகரத்தை மடித்ததுபோல் மெல்லிய இரும்புப்பிடி, சேர்ட் பொக்கற்றுக்குள் போட்டாலும் தெரியாது. வில் வலு இறுக்கம், வயதானவர் நகத்துக்குச் சோதனை. வழமையாகக் கார்பன் உருக்கில்தான் வரும். நானென்றால் உங்களுக்கு அதைச் சொல்லமாட்டேன்.

மச்சானிடம் கடைசியாக ஒன்று: கைப்பையில் வைக்கவேண்டாம், விமானத்தில் ஏற்றிவிடும் பெரிய பெட்டிக்குள் உடுப்போடு சுற்றி வைக்கட்டும். கைப்பையில் வந்த கத்தி விமான நிலையத்துக் குப்பைப் பெட்டியோடு நின்றுவிடும். நீங்களும் திருவிழாக் கூட்டத்துக்குள் அதை மடியில் வைத்துக்கொண்டு போகாதீர்கள்.

கேள்வி: நான் குருநகர். வலை அறுக்க, கயிறு வெட்ட மடிக்கிற கத்தி ஒன்று தேடுகிறேன். விலை குறைந்ததாக எது நல்லம்?

பதில்: மடிக்காத கத்தி. கோபிக்காதீர்கள், உண்மையாகத்தான் சொல்கிறேன். மடிக்கிற கத்தியின் ஆணியடிக்குள் உப்புத் தண்ணீரும் மணலும் செதிலும் போய் இருந்துகொள்ளும். வெளியே மினுங்கும், உள்ளே கறள் தின்னும். படகில் ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கத்தியை விரிக்கவும் முடியாது. சுவீடனில் மோறா என்ற ஊரில் செய்கிற கத்திகள் பிளாஸ்ரிக் பிடியும் உறையுமாக, கறள் பிடிக்காத உருக்கில் வருகின்றன. பெயருள்ள கத்திகளுக்குள் அவை மலிவு. ஐரோப்பாவில் ஆள் இருந்தால் அதைச் சொல்லிவிடுங்கள். ஆள் இல்லையென்றால் சந்தையில் பிளாஸ்ரிக் பிடி போட்ட சின்னச் சமையல் கத்தி ஒன்று, அதற்கு நீங்களே வெட்டித் தைத்த றப்பர் உறை ஒன்று. கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள்.

கேள்வி: திருவிழாக் கடையொன்றில் மகனுக்குச் சிலுவை அடையாளம் போட்ட சிவப்புச் சுவிஸ் கத்தி வாங்கினேன். மூன்றாம் நாள் கத்தரிக்கோலின் வில் கழன்று விழுந்துவிட்டது. ஏமாந்துவிட்டேனா? (நெல்லியடி வாசகி)

பதில்: ஓம், தங்கச்சி, பெரும்பாலும் ஏமாந்துதான் விட்டீர்கள். சிவப்புப் பிடியையும் வெள்ளைச் சிலுவையையும் யாரும் அடித்துவிடலாம். பெரிய அலகை விரித்து, அது பிடிக்குள் நுழைகிற அடிப்பக்கத்தைப் பாருங்கள். உண்மையான சாமானில் அதைச் செய்கிற விக்ரோறினொக்ஸ் கம்பனியின் பெயர் அங்கே சன்னமாக, தெளிவாகப் பொறித்திருக்கும். பிடியில் சிலுவை வெறுமனே இராது, கேடயத்துக்குள் இருக்கும். பெயர் சரியாக இருந்தும் சந்தேகம் என்றால் அலகைக் காதருகே வைத்து மடியுங்கள். நல்ல கத்தி 'டக்' என்று ஒரு சத்தத்தோடு போய் இருக்கும். போலி சொரசொரவென்று இழுபட்டுப் போகும். விரித்த அலகை இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள். பிடியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, வில்லுக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா என்றும் பாருங்கள். இந்த மூன்று சோதனையும் எந்த வில்லுக்கத்திக்கும் பொருந்தும். கடையில் நின்றபடியே அரை நிமிடத்தில் செய்யலாம்.

உண்மையான சுவிஸ் கத்தி என்றால் உருக்கிலோ வேலைப்பாட்டிலோ உள்ள குறைக்கு ஆயுள்காலப் பொறுப்பு உண்டு. போலிக்கு யாரிடம் போவீர்கள்? சிட்டை வாங்கினீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. சிட்டை இருந்தால் முதலில் கடைக்காரரிடம் போய்க் கேளுங்கள், மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைத்து முறையிடலாம். சிட்டை இல்லை, கடையும் திருவிழாவோடு கூடாரத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டது என்றால் அந்தக் காசை மறந்துவிடுங்கள். அடுத்த முறை சூரிச்சிலோ பேர்ணிலோ உள்ள உறவுக்காரரிடம் இரண்டு மூன்று அலகுக்கு மேல் இல்லாத சின்னதாகக் கேளுங்கள். அவற்றுக்குப் பூட்டு இல்லை, வில் மட்டும்தான். மகன் குத்தித் துளைக்கிற வேலைக்கு அதை எடுத்தால் விரலில் மடியும் என்று ஒருமுறை காட்டிக்கொடுங்கள்.

கேள்வி: நல்ல கத்தியொன்றை மோட்டர்ச் சாணையில் தீட்டக் கொடுத்தேன். நுனி நீலமாகத் திரும்பி வந்தது. இப்போது பத்து நிமிடத்தில் மொட்டையாகிறது. (சாவகச்சேரி)

பதில்: தீப்பொறி பறக்கப் பறக்கச் சாணை பிடித்திருப்பார்கள். மெல்லிய நுனிக்கு அந்தச் சூடு முந்நூறு பாகைக்குப் போனால் நீலம் வரும், உருக்கின் பதம் அந்த இடத்தில் போய்விட்டது என்று அர்த்தம். எவ்வளவு தீட்டினாலும் அந்த இடம் கூர் தாங்காது. தீட்டுக்கல்லில் கையால் தேய்த்துத் தேய்த்து நீலம் உள்ள உருக்கு முழுவதையும் எடுத்துவிட்டால் கீழே நல்ல உருக்கு வரும். நுனி சற்றுக் குறுகும், அவ்வளவுதான்.

இனி வீட்டிலேயே தீட்டுங்கள். கல்லை நனைத்து, அலகின் முதுகை இரண்டு மூன்று தீக்குச்சித் தடிப்புக்கு உயர்த்திப் பிடித்து, மெல்லிய தோல் சீவுவதுபோல் முன்னே தள்ளுங்கள். ஒரு பக்கம் பத்து, மறு பக்கம் பத்து. கல் இல்லையென்றால் தேநீர்க் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் மினுக்கம் இல்லாத சொரசொர வளையம் ஒன்று இருக்கும், அதுவும் வேலை செய்யும். ஒரு காகிதத்தைத் தொங்கவிட்டு அறுத்துப் பாருங்கள். கிழியாமல் இறங்கினால் போதும். நீலம் போகும்வரை அந்தக் கத்தி உரப்பை நூல் அறுக்கட்டும்.