டார்ன் ஆற்றுப் பள்ளத்திலிருந்து சைக்கிளில் மேலே ஏறினால் ஏன் தண்ணீரே இல்லை?

தென் பிரான்சில் 'கோஸ்' என்றால் சுண்ணாம்புக்கல் மேட்டுநிலம். அதில் ஒன்றான கோஸ் மெஜான் ஏறக்குறைய 1000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதன் ஓரத்தை அறுத்துக்கொண்டு ஓடுகிறது டார்ன் ஆறு, சில இடங்களில் 500 மீட்டர் ஆழத்தில். கீழே ஆற்றோரச் சாலையில் நிழலும் ஊர்களும் உண்டு. ஆனால் சேந்த் எனிமி ஊரிலிருந்து வளைந்து வளைந்து ஏறி மேலே வந்துவிட்டால் புல்லும் கல்லும் காற்றும்தான், ஓர் ஓடைகூடக் கண்ணில் படாது.

காரணம் அந்தக் கல்தான். மழைநீரில் இருக்கும் லேசான அமிலம் சுண்ணாம்புக்கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து வெடிப்புகளையும் குகைகளையும் உண்டாக்கிவிட்டது (அவென் அர்மான் குகை அப்படி வந்ததுதான், நேரம் இருந்தால் கட்டாயம் பாருங்கள்). காய்கறி கழுவும் வடிகூடையில் தண்ணீர் ஊற்றினால் மேலே நிற்குமா? அப்படித்தான் இதுவும், இறங்கிய நீர் கீழே பள்ளத்தில் ஊற்றாக வெளியே வருகிறது.

அதனால் பாட்டில்களைக் கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

அப்புறம், அங்கே மழையே பெய்யாது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு, மழை பெய்கிறது, தரையில் தங்குவதில்லை.