ஈ பெருத்தது குளிராலா, மரபணுவாலா?

கேள்வி: பூமத்திய ரேகையை விட்டு விலக விலகப் பழ ஈ பெரிதாகிறது, அது பரிணாமம் என்று எழுதியிருந்தீர்கள். குளிரில் வளர்ந்தால் எந்தப் பழ ஈயும் பெரிதாகத்தானே இருக்கும்? இதில் மரபணுவுக்கு என்ன வேலை?
(ஒரு வாசகர், கோவை)

பதில்: நீங்கள் சொல்வதில் பாதி சரி. ஒரே தாயின் முட்டைகளைப் பிரித்து, சிலவற்றை 25 டிகிரியிலும் சிலவற்றை 18 டிகிரியிலும் வைத்தால், 18-இல் வளர்ந்தவைதான் பெரியவை. அதனால்தான் தோட்டத்தில் பிடித்த ஈயை அப்படியே அளந்து யாரும் தீர்ப்புச் சொல்வதில்லை.

ஒவ்வோர் ஊரிலும் பிடித்த பெண் ஈக்களைத் தனித்தனிக் குப்பியில் முட்டையிட வைத்து, வம்சம் வம்சமாக, ஒரே வெப்பநிலையில் ஒரே தீனியில் வளர்க்கிறார்கள். முதல் தலைமுறையை அளப்பதில்லை. தாய் பட்ட குளிரின் சாயல் பிள்ளையிலும் இருக்கும். குப்பிக்கு இத்தனை முட்டை என்று எண்ணி வைப்பதும் அவசியம். புழுக்கள் நெருக்கியடித்தால் தீனி போதாமல் ஈ சிறுத்துவிடும், கணக்கு கெடும். அளப்பது எடையை அல்ல, இறக்கையை. எடை தீனிக்கும் வயிற்று முட்டைக்கும் தக்கபடி ஏறி இறங்கும். விரிந்த இறக்கை அதன்பின் வளராது. இத்தனைக்கும் பிறகு வித்தியாசம் நின்றால், பழியைக் குளிர்மேல் போட முடியாது.

ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் டிரோசோஃபிலா மெலனோகாஸ்டர் என்ற பழ ஈக்களில் அந்த வித்தியாசம் நிற்கிறது. இன்னொன்றும் உண்டு. குளிரில் வளர்த்துப் பெருக்க வைத்த ஈயின் இறக்கையில் பெரும்பாலும் செல்கள்தான் பெரிதாகின்றன. பூமத்திய ரேகையை விட்டு விலகிய தெற்கத்தி ஈக்களிலோ கூடியிருப்பது பெரும்பாலும் செல்களின் எண்ணிக்கை. வெளியே பார்க்க ஒரே பருமன். உள்ளே வேலை வேறு.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: மரபணுதான் என்றாலும், அதைத் தேர்ந்தெடுத்தது தட்பவெப்பம் என்று எப்படிச் சொல்வது? ஆப்பிரிக்க வம்சமும் ஐரோப்பிய வம்சமும் வெவ்வேறு முனையில் வந்திறங்கி நடுவில் கலந்தாலும், அட்சரேகைக்குத் தக்கபடி இதே போன்ற படிப்படியான மாற்றம் கிடைக்குமே. மெலனோகாஸ்டரைப் பொறுத்தவரை இது உண்மையான சிக்கல். ஆஸ்திரேலியாவிலும் வட அமெரிக்காவின் கிழக்கிலும் அப்படிக் கலப்பு நடந்திருக்கிறது.

இதற்கு விடை சொல்வது அதன் உறவுக்காரி டிரோசோஃபிலா சப்அப்ஸ்க்யூரா. ஐரோப்பா உள்ளிட்ட பழைய உலகத்து ஈ. 1978-இல் சிலியிலும், 1982-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலும் முதன்முதலாகக் கண்ணில் பட்டது. வந்தவை கொஞ்சம்தான், அவற்றின் சந்ததிதான் கலிஃபோர்னியாவிலிருந்து கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா வரை பரவியது. அதனால் இரண்டு வம்சம் இரு முனையில் இறங்கிக் கலந்தது என்று இங்கே சொல்ல முடியாது. பத்தாண்டு கழித்து அளந்தபோது வடக்கு, தெற்கு என்று இறக்கையில் வேறுபாடு இல்லை. இருபது ஆண்டுக்குள் வந்துவிட்டது. உயிரியலாளர் ரேமண்ட் ஹ்யூயி குழுவினர் 2000-இல் இதை வெளியிட்டார்கள். வடக்கே போகப் போகப் பெண் ஈக்களின் இறக்கை, ஐரோப்பாவில் உள்ளது போலவே நீண்டிருந்தது. ஆனால் ஐரோப்பிய ஈயில் நீண்டது இறக்கையின் அடிப்பகுதி. அமெரிக்க ஈயில் நுனிப்பகுதி.