அலாய் வீல் அப்புறம், டைமிங் பெல்ட் முதலில்

கேள்வி: அண்ணா, பெரியப்பா ஓட்டிய 2002 ஹோண்டா சிட்டி விடெக் இப்போது என் கைக்கு வந்திருக்குதுங்க. 1,38,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, கடைசி சில வருஷம் ஷெட்டில் நின்றதுதான் அதிகம். பதினாறு இஞ்ச் அலாய், ஸ்பிரிங் வெட்டி வண்டியை இறக்குவது, சத்தமான சைலன்சர் எல்லாம் சேர்த்து ஒன்றேகால் லட்சம் கேட்கிறார்கள். இன்னொரு தொல்லை, மத்தியான வெயிலில் நின்றால் ஸ்டார்ட் ஆவதில்லை, பொழுது சாய்ந்தால் ஆகிவிடுகிறது. பெட்ரோல் பம்ப்பை மாற்றச் சொல்கிறார்கள். எதை முதலில் செய்யட்டும்?
- கோபியிலிருந்து ஒரு வாசகர்

பதில்: பம்ப்பை மாற்றாதீர்கள் தம்பி. அடுத்த தடவை வெயிலில் அடம்பிடிக்கும்போது கண்ணாடியை ஏற்றிவிட்டு சாவியை ஆன் வரைக்கும் மட்டும் திருப்பிக் காது கொடுங்கள். பின்சீட்டுப் பக்கமிருந்து இரண்டு விநாடி 'உய்ய்' என்று பம்ப் சத்தம் வரவேண்டும். வரவில்லை என்றால், பம்ப்புக்குக் கரண்ட் அனுப்பும் மெயின் ரிலேவைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். அந்தக் காலத்து ஹோண்டாக்களில் இது தெரிந்த வியாதி. டேஷ்போர்டுக்குள் இருக்கும் அந்தச் சின்னப் பெட்டியைத் திறந்தால் ஈயம் வைத்த இடத்தைச் சுற்றி மயிரிழை மாதிரி வட்டமாக விரிசல் தெரியும். சூட்டில் விலகும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். டிவி ரிப்பேர் செய்பவரிடம் கொடுத்தால்கூட ஈயம் வைத்துக் கொடுத்துவிடுவார், சில நூறு ரூபாயில் முடிகிற வேலை.

பெரிய செலவு டைமிங் பெல்ட், அதாவது இன்ஜினில் வால்வையும் பிஸ்டனையும் ஒத்து ஓடவைக்கும் ரப்பர் பட்டை. பெரியப்பா எப்போது மாற்றினார் என்று பில் இருந்தால் பாருங்கள், இல்லையென்றால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடாமல் நின்ற வண்டிக்கும் ரப்பருக்கு வயசு ஏறும். ஓட்டத்தில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் மோதி வால்வு வளைந்துவிடும், இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றாமல் தீராது. வாட்டர் பம்ப்பையும் அதே பெல்ட்தான் சுற்றுகிறது, அதனால் பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், வாட்டர் பம்ப், ஆயில் சீல் நான்கையும் ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள். தனித்தனியாகச் செய்தால் கூலியை இரண்டு தடவை கொடுக்க வேண்டும்.

அடுத்தது ரேடியேட்டர், இதை நான் பட்டே சொல்கிறேன். என் பழைய வண்டிக்கு ஒரு பட்டறையில் இன்ஜின் சூட்டைத் தணிக்கும் கூலண்டுக்குப் பதிலாக போர்த் தண்ணியை ஊற்றிவிட்டார்கள். நம்ம பக்கத்து உப்புத் தண்ணி எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வருஷம் கழித்து தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால், வெந்நீர் அண்டாவின் அடியில் படியுமே, அதே வெள்ளைக் காரை நகக்கண் தடிமனுக்கு! உங்கள் வண்டியில் இன்ஜின் மொத்தமும் அலுமினியம், ஒரு தடவை நன்றாகச் சூடேறினாலே ஹெட் கோணிவிடும். பழையதை முழுக்க இறக்கி அலசிவிட்டு, தயாராகக் கலந்த கூலண்ட் கேன் வாங்கி உங்கள் கண்முன்னால் ஊற்றச் சொல்லுங்கள். பவர் ஸ்டீயரிங்கிலும் அப்படித்தான், ஹோண்டாவுக்கென்று தனி ஆயில் இருக்கிறது. 'எல்லாம் ஒன்றுதானுங்க' என்று சாதாரண ஏடிஎஃப்பை (ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்) ஊற்றினால் சீல் கெட்டு ஒழுக ஆரம்பிக்கும்.

அலங்காரத்துக்கு வருவோம். ஸ்பிரிங்கை வெட்டவே கூடாது. வெட்டிய ஸ்பிரிங்கோடு திம்பம் மலையில் 27 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கிப் பார்த்தால் தெரியும், குழியில் விழும்போதெல்லாம் ஷாக் அப்சார்பர் அடிமட்டத்தில் போய் இடிக்கும், வளைவில் டயர் பிடியை விடும். சைலன்சரை மாற்றுவதும் சட்டப்படி தப்புதான். கம்பெனி கொடுத்த அமைப்பை அனுமதியில்லாமல் மாற்றினால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உரிமையாளருக்கு வரலாம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்திலேயே இருக்கிறது. உங்கள் ஆர்சி 2027-ல் ரெனியூவலுக்கு வரும், இன்ஸ்பெக்டர் வண்டியை நேரில் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவார். இருபது வருஷம் தாண்டிய காருக்கு ரெனியூவல் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாய் ஆக்கிவிட்டார்கள், இப்போதே எடுத்து வையுங்கள். ஆர்சி முடிவதற்கு 60 நாள் முன்னாலிருந்து மனுக் கொடுக்கலாம்.

ஆசைக்கு ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்றால் ஹெட்லைட்டுக்கு, பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் எடுக்கிற மாதிரி ரிலே வைத்த ஒயரிங் போடுங்கள். பழைய வண்டியில் கரண்ட் ஸ்விட்ச் வழியாகச் சுற்றி வருவதற்குள் பாதி பலம் போய்விடுகிறது. பல்பு அதே வாட்ஸில் இருந்தாலே போதும், ராத்திரி சத்தி ரோட்டில் வித்தியாசம் தெரியும். அலாய் வேண்டுமென்றால் பதினான்கு இஞ்சிலேயே வாங்குங்கள், மிச்சத்தை நல்ல டயரில் போடுங்கள். டயர் பக்கவாட்டில் நான்கு எண் இருக்கும், 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் செய்தது. பளபளவென்று கருப்பு பூசி வைத்திருக்கும் ஸ்டாக்கை அந்த எண்ணைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

கேள்வி: 98 மாடல் ஜென், கார்புரேட்டர் வண்டிங்க. இப்போது வரும் எத்தனால் பெட்ரோல் ஒத்துக்கொள்ளுமா?
- பல்லடம் வாசகி

பதில்: ஓடும் அம்மிணி, ஆனால் ரப்பருக்கு ஆகாது. டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரைக்கும் உள்ள ஹோஸ்களை எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றிவிடுங்கள், கார்புரேட்டர் கிட்டும் கூடவே. எத்தனால் ஈரத்தை இழுக்கும், மாதக்கணக்கில் நிறுத்தி வைக்காமல் வாரம் ஒருமுறை ஓட்டுங்கள். காலையில் பானெட்டைத் திறக்கும்போது பெட்ரோல் வாசம் வந்தால் அன்றைக்கு வண்டியை எடுக்கவே வேண்டாம்.

இரண்டு பேருக்கும்: மாற்றிய பழைய பாகத்தைக் கையில் கேட்டு வாங்குங்கள், பில்லில் பாக எண்ணை எழுதச் சொல்லுங்கள். டூப்ளிகேட் போட்டு ஏமாற்றினார்கள் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யலாம், இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். நீங்கள் கொடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும் என்றால் புகாருக்குக் கட்டணமில்லை, ஆனால் பில் இல்லாமல் அங்கே போய் நின்றால் நிரூபிப்பது பெரும்பாடு.