பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

கேள்வி: எங்கள் ஊரில் மூன்று வாரத்துக்குள் பதினொரு பேர் மூச்சுத்திணறி இறந்துவிட்டார்கள். இதற்கெல்லாம் 5ஜி சோதனைதான் காரணம் என்று வாட்ஸ்அப்பில் வந்த ஒலிப்பதிவு தெளிவாகச் சொல்கிறது. அலைகள் காற்றில் கலந்து அதை விஷமாக்குகின்றனவாம். கொரோனா என்பது மூடிமறைக்க வைத்த பெயராம். தொண்டை வறள்வது, மூக்கில் இரத்தம் காய்ந்திருப்பது, வீட்டில் எதைத் தொட்டாலும் லேசாக ஷாக் அடிப்பது எல்லாம் அதன் அறிகுறிகள். எங்கள் தெருமுனையிலும் இப்போது புதுக் கோபுரம் எழுப்புகிறார்கள். தடுத்தே தீர்வது என்று கூட்டம் போட்டு முடிவு செய்திருக்கிறோம் (புகைப்படம் இணைத்துள்ளேன்). உங்கள் பத்திரிகை இதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே, செல்போன் கம்பெனி விளம்பரம் வாயை அடைத்துவிட்டதா?

– பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், நாமக்கல் மாவட்டம், 2021

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். செல்போன் கம்பெனிகள் எங்களுக்கு விளம்பரம் கொடுத்ததுண்டு. வாங்கிப் போட்டோம். இந்த ஊரடங்கில் அதுவும் நின்றுபோய், பக்கங்களைக் குறைத்து அச்சிட்டுக்கொண்டிருக்கிறோம். எனவே என் வாயை அடைக்க இப்போதைக்கு யாரும் எதுவும் தரவில்லை, தாராளமாகப் பேசலாம்.

பதினொரு சாவு ஒரு சிற்றூருக்குப் பேரிடி. அந்த வீடுகளின் துயரத்தில் எனக்கும் பங்குண்டு. என் சண்டை அந்த ஒலிப்பதிவோடுதான்.

தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். இந்தியாவின் முதல் கொரோனா நோயாளி கேரளத்தில் கண்டறியப்பட்டது 2020 ஜனவரி 30 அன்று. 5ஜி சோதனை நடத்திக்கொள்ள நிறுவனங்களுக்குத் தொலைத்தொடர்புத் துறை அனுமதி கொடுத்தது 2021 மே 4 அன்று. நாட்டில் எங்குமே சோதனை தொடங்கவில்லை என்று அதே துறை மே 10 அன்று அறிக்கையும் விட்டது. ஆனால் அனுமதிக் கடிதம் கையில் கிடைப்பதற்கு முன்பே, மே 1 காலை வெளியான கணக்கில், ஒரே நாளின் புதிய தொற்று 4 இலட்சத்தைத் தாண்டிவிட்டது. கொலை நடந்து முடிந்தபின் ஊருக்குள் பஸ் இறங்கியவனைக் கையைக் கட்டிக் காவல் நிலையத்துக்கு இழுத்துப் போகிறீர்கள்.

அரசாங்கம் சொல்வதை நம்ப மாட்டேன் என்பீர்கள். சரி, கப்பலை நம்புவீர்களா? 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தில் டைமண்ட் பிரின்சஸ் என்ற உல்லாசக் கப்பலைப் பயணிகளோடு நிறுத்தி வைத்தார்கள். உள்ளே இருந்த 3,711 பேரில் 712 பேருக்கு நோய் தொற்றியது. ஜப்பானில் 5ஜி சேவை மக்களுக்குக் கிடைக்கத் தொடங்கியதோ மார்ச் கடைசியில். கோபுரம் இல்லாமலேயே, ஒருவர் விட்ட மூச்சை இன்னொருவர் இழுத்து, ஒரு கப்பல் முழுக்கப் பரவிவிட்டது.

இந்தக் கதைக்கு விதை விழுந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். சீனாவில் 5ஜி வணிகச் சேவை தொடங்கிய நாள் 2019 நவம்பர் 1. அடுத்த மாதம் வூஹானில் நோய். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது. 2020 ஜனவரியில் பெல்ஜியத்தின் ஒரு நாளிதழ், இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பேசிய ஒரு மருத்துவரின் பேட்டியை வெளியிட்டுவிட்டு, பிறகு திரும்பப் பெற்றுக்கொண்டது. பத்திரிகைக்காரனாகச் சொல்கிறேன், அச்சில் ஏறிய சொல்லைத் திரும்பப் பெறுவது என்பது எங்கள் தொழிலில் உள்ள இனிய கற்பனைகளில் ஒன்று. ஏப்ரலில் பிரிட்டனில் கோபுரங்கள் எரிந்தன. அந்த அலை ஓய்வதற்குள் எழுபதுக்கும் மேல். பர்மிங்காமில் எரிந்த ஒன்றில் 5ஜி கருவியே கிடையாது. அதே நகரில் கொரோனா நோயாளிகளுக்காக அவசரமாக எழுப்பிய நைட்டிங்கேல் மருத்துவமனைக்குச் சேவை தந்த கோபுரத்துக்கும் தீ வைத்தார்கள். பார்வையாளரை உள்ளே விடாத வார்டில் கிடப்பவருக்கும் வீட்டாருக்கும் நடுவே இருக்கக்கூடிய ஒரே வழி செல்போன்தான். தென் அமெரிக்காவில் பொலிவியாக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள்: 5ஜி சேவையே இல்லாத நாட்டில் 5ஜி கோபுரம் என்று நினைத்துச் சாய்த்தார்கள்.

இனி உங்கள் அறிகுறிகள். அந்தச் செய்தி இந்தியில் சுற்றியது மே மாதத்தில், அனல்காற்று வீசும் வட மாநிலங்களில். அந்த வெயிலில் தொண்டை வறளாமல் வேறென்ன செய்யும்? உலர்ந்த காற்றில் மூக்கினுள் வெடித்து இரத்தம் காய்வதும் கோடைதோறும் நடப்பதே. வீட்டில் ஷாக் அடிக்கிறது என்றால், தயவுசெய்து அலட்சியம் வேண்டாம். கிரைண்டரைத் தொட்டால் சுர்ரென்று அடிக்கிற வீட்டில் எர்த் சரியில்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அது உண்மையாகவே ஆளைக் கொல்லும்.

அலை காற்றை விஷமாக்குமா? 5ஜி-க்குப் பல நாடுகள் பயன்படுத்தும் அலைவரிசை 3.5 கிகாஹெர்ட்ஸ் அளவில் இருக்கிறது. உங்கள் வீட்டு ட்யூப்லைட் வெளிச்சமும் அதே மின்காந்த அலைக் குடும்பம்தான். அதன் அதிர்வெண், அதாவது நொடிக்கு எத்தனை தடவை அதிர்கிறது என்பது, 5ஜி அலையுடையதைப்போல ஒரு இலட்சம் மடங்குக்கும் மேல். அதிர்வெண் ஏற ஏறத்தான் மூலக்கூறுகளை உடைக்கும் வலு வரும். புற ஊதாக் கதிர், எக்ஸ்ரே என்று மேலே போனால் பயப்பட நியாயமுண்டு. ட்யூப்லைட்டால் விஷமாகாத காற்று, அதற்கு எத்தனையோ படி கீழே இருக்கிற அலையால் விஷமாகாது. வைரஸ் ரேடியோ அலையில் ஏறிப் பயணிக்காது என்று உலக சுகாதார நிறுவனம் தனியாக அறிக்கையே விட வேண்டியிருந்தது.

அறியாமை புதிதில்லை. இன்ஃப்ளூயன்சா என்ற பெயரே இத்தாலிய மொழியில் 'தாக்கம்' என்று பொருள்படும். காய்ச்சல் வானத்து நட்சத்திரங்களின் தாக்கத்தால் வருகிறது என்று நம்பிய காலத்துப் பெயர். நம் வீடுகளில் அம்மை கண்டால் ஆத்தாள் வந்திருக்கிறாள் என்றார்கள். காரணம் தப்புதான். ஆனால் அந்த நம்பிக்கை என்ன செய்ய வைத்தது? வாசலில் வேப்பிலை செருகினார்கள். அந்நியர் உள்ளே வரவில்லை. நோயாளி வெளியே போகவில்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை அந்த வீட்டார் விருந்து விசேஷம் எதற்கும் போகவில்லை. உங்கள் ஒலிப்பதிவுக்குக் காரணமும் தப்பு, அது சொல்லித்தரும் காரியமும் தப்பு. கொரோனா வெறும் பெயர்தான் என்றால் முகக்கவசம் எதற்கு, பரிசோதனை எதற்கு, ஊசி எதற்கு? எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டி இந்த விஷயத்தில் உங்கள் வாட்ஸ்அப் குழுவைவிடத் தெளிவாக இருந்தாள்.

இந்தக் கதை இவ்வளவு ருசியாக இருப்பதற்குக் காரணம் உண்டு என்று நினைக்கிறேன். கோபுரத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டால் வேறு எங்கும் போட வேண்டியதில்லை. ஏப்ரலில் நாம் உட்கார்ந்து சாப்பிட்ட கல்யாணப் பந்தி தப்பித்துவிடும். தேர்தல் பிரசார ஊர்வலங்கள் தப்பித்துவிடும். கும்பமேளாவை நடத்திக்கொள்ளச் சொன்னவர்கள் தப்பிப்பார்கள். ஆக்சிஜன் கேட்டு டெல்லி மருத்துவமனைகள் நீதிமன்றத்தில் கெஞ்சினவே, செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் ஒரே இரவில் 13 பேர் இறந்தார்களே, அவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களும் நிம்மதியாகத் தூங்கலாம். மூச்சுக்கு ஆக்சிஜன் கிடைக்காமல் செத்தவரை அலை கொன்றது என்று நீங்களே எழுதிக் கொடுக்கிறீர்கள். அதிகாரத்தை எதிர்ப்பதாக நினைத்துக்கொண்டு அதற்குச் செய்யும் இலவச ஊழியம் இது.

கதிர்வீச்சு பற்றிக் கேள்வியே கேட்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-இல் ரேடியோ அலைகளை 'புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும்' என்ற 2பி பிரிவில் வைத்தது. அச்சம் உறுதிப்படவில்லை, முற்றாக நீங்கவும் இல்லை என்று அதற்குப் பொருள். (கற்றாழை முழு இலைச் சாறும் அதே பிரிவில் இருக்கிறது. அதை எதிர்த்துக் கூட்டம் போட்டவர்களை நான் பார்த்ததில்லை.) கோபுரக் கதிர்வீச்சுக்கு இந்தியா 2012-இல் வைத்த உச்சவரம்பு சர்வதேச உச்சவரம்பில் பத்தில் ஒரு பங்கு. அதை மீறுகிறார்களா என்று சந்தேகமிருந்தால், தொலைத்தொடர்புத் துறையின் 'தரங் சஞ்சார்' இணையதளத்தில் 4,000 ரூபாய் (2021-இல் இருந்த கட்டணம்) கட்டினால் ஆள் வந்து அளப்பார்கள். கட்டணம் அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஊர்ப் பொதுவில் போட்டால் தலைக்கு நூறு ரூபாய். இன்னொன்று: கோபுரம் தூரமாக ஆக, சிக்னல் மெலிந்து, உங்கள் காதோரத்து செல்போன் கூடுதல் சக்தியோடு அலையை அனுப்ப வேண்டியிருக்கும். கோபுரத்தை ஊரைவிட்டுத் துரத்தினால் உங்கள் காதுக்குத்தான் அதிகம் கிடைக்கும்.

நடிகை ஜூஹி சாவ்லா 5ஜி-யை எதிர்த்துத் தொடுத்த வழக்கு பற்றியும் அடுத்து எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கிறேன். அவர் கேட்டது கதிர்வீச்சின் பாதுகாப்பு பற்றி. கொரோனாவை 5ஜி பரப்புகிறது என்பது அவர் வழக்கல்ல. டெல்லி உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 4 அன்று அதைத் தள்ளுபடி செய்து, விளம்பரத்துக்காகப் போட்டதாகத் தோன்றுகிறது என்று சொல்லி, 20 இலட்சம் ரூபாய் கட்டச் சொன்னது. தொகை மிக அதிகம் என்பது என் கருத்து. கேள்வி கேட்டவரை அப்படி அடித்தால், நீதிமன்றத்துக்கு வர வேண்டிய சந்தேகங்களும் வாட்ஸ்அப்புக்குத்தான் போகும்.

உங்கள் புகைப்படத்தைப் பார்த்தேன். கோயில் மண்டபம், சன்னல்கள் சாத்தியிருக்கின்றன, தோளோடு தோள் நெருங்கி உட்கார்ந்திருக்கிறீர்கள். பூதக்கண்ணாடி வைத்து எண்ணினேன். நாற்பத்தொரு பேர். முகக்கவசம் அணிந்தவர் ஆறு பேர். அதில் இருவருக்கு அது தாடையில் இருக்கிறது. கூட்டம் நடந்த தேதியைப் படத்தின் மூலையில் பார்த்தேன். இரண்டு வாரம் ஆகிறது. அந்த நாற்பத்தொரு பேரும் எப்படி இருக்கிறார்கள் என்று ஒரு அஞ்சலட்டை போடுங்கள்.