பைபர் இணைப்புக்கு வீட்டுக்குள் கேபிள் இழுப்பதை நாங்களே செய்யலாமா? அதே வளவில் உள்ள அடுத்த வீட்டுக்கும் இணையத்தைக் கொண்டுபோவது எப்படி?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: களுவாஞ்சிகுடியில் வீடு. பைபர் இணைப்பு, அதாவது கண்ணாடி இழைக் கேபிள் வழியே வரும் இணையம், வரப்போகிறது. வீதிப் போஸ்டிலிருந்து வீட்டுக்கு ஏறத்தாழ 40 மீற்றர், நடுவில் இரண்டு தென்னை, கரண்ட் வயரும் அதே பக்கத்தால்தான் வருகிறது. வீட்டுக்குள் கேபிள் இழுப்பதையும், அதே வளவில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்கு இணையம் கொடுப்பதையும் நீங்களே செய்யலாமா என்று கேட்கிறீர்கள்.

போஸ்டிலிருந்து வீட்டுச் சுவரில் உள்ள கொளுக்கி வரைக்கும் கைவைக்க வேண்டாம், அது நிறுவனத்தின் ஆட்கள் செய்ய வேண்டிய வேலை. வீட்டுக்கு உள்ளே கேபிள் இழுப்பதை நீங்கள் செய்யலாம். தங்கச்சி வீட்டுக்கு இழுக்கிற வேலையைத்தான் யோசித்துச் செய்ய வேண்டும். லேசான வேலை என்று நினைத்து ஆட்கள் பெரிய பிழை விடுகிற இடம் அது.

முதலில் வெளியே வரும் கேபிளைப் பற்றி. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது என்பது சரி. ஆனால் போஸ்டிலிருந்து இழுக்கிற தட்டையான கேபிளின் ஓரத்தில், பாரத்தைத் தாங்குவதற்காக ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் தடிப்பில் இரும்புக் கம்பி ஒன்று ஓடுகிறது. சில கேபிள்களில் இழைக்கு இரண்டு பக்கமும் உள்ள மெல்லிய பலக் கம்பிகளும் இரும்புதான். தென்னமட்டை விழுந்து கரண்ட் வயர் அறுந்து இந்தக் கேபிளில் பட்டாலோ, அருகில் இடி விழுந்தாலோ, அந்த இரும்பு வழியே மின்சாரம் சுவர் வரைக்கும் வரும். ஆகவே வெளிக் கம்பியைச் சுவர்க் கொளுக்கியிலேயே பிரித்து, கிளாம்பில் சுற்றி, அங்கேயே வெட்டி நிறுத்த வேண்டும். துளைக்குள்ளே போவது மெல்லிய பகுதி மட்டும்தான். அவசரமாக வேலை செய்கிறவர்கள் கம்பியோடு சேர்த்து உள்ளே தள்ளிவிட்டுப் போவதுண்டு, பக்கத்தில் நின்று பாருங்கள். உள்ளே போகிற பலக் கம்பி இரும்பா, பிளாஸ்டிக் நாரா என்று தெரியாவிட்டால் வெட்டிய முனையில் ஒரு காந்தத்தைப் பிடியுங்கள். ஒட்டினால் இரும்பு. நார் வைத்த கேபிள் இருந்தால் அதையே போடச் சொல்லிக் கேளுங்கள்.

கரண்ட் வயருக்குக் கீழேதான் இது ஓட வேண்டும், இடையில் குறைந்தது 1 மீற்றர் விட வேண்டும். சுவரில் மின்சார சபையின் வயர் வந்து சேரும் கொளுக்கியிலேயே இதையும் மாட்டுவது கூடவே கூடாது. அந்த வயரின் உறை வெயிலில் வெடித்திருக்கலாம், கீழே நின்று பார்த்தால் தெரியாது. வீதியைக் கடக்கும் இடத்தில் 5.5 மீற்றருக்குக் குறையக் கூடாது. அம்பாறைப் பக்கமும் படுவான்கரையிலும் அறுவடைக் காலத்தில் வைக்கோல் ஏற்றிய உழவு மெசினும், நெல் வெட்டும் மெசினை ஏற்றிய லொறியும் போகிற வீதிகள் இருக்கின்றன. அங்கே தாழ்வாகத் தொங்கும் கேபிள் அறுவதோடு நிற்காது, போஸ்டையும் சுவர்க் கொளுக்கியையும் இழுத்துக்கொண்டு போகும்.

வீணைத் தந்தி மாதிரி இறுக்கி இழுத்தால் அழகாக இருக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். இந்த வகைக் கேபிள் நிரந்தரமாகத் தாங்கும் இழுவை ஏறத்தாழ 300 நியூட்டன், அதாவது 30 கிலோ பாரம். 40 மீற்றருக்கு நடுவில் 40 முதல் 80 சென்ரிமீற்றர் வரை தொய்வு விட்டால்தான் கச்சான் காற்றிலும் மாரிக் காற்றிலும் அது ஆடித் தப்பும். 50 மீற்றருக்கு மேலே என்றால் இடையில் இன்னொரு போஸ்ட் வேண்டும். தென்னையில் கட்டுவது போஸ்டுக்கு மாற்று ஆகாது. மரம் காற்றில் ஆடும்போது ஒவ்வொரு ஆட்டமும் கேபிளை இழுக்கும், மரப்பட்டையில் உரசி உறை தேயும், அணிலுக்கும் நேரே ஒரு பாதை கிடைக்கும். உங்கள் இரண்டு தென்னையிலும் கேபிள் போகும் பக்கத்துக் காய்ந்த மட்டைகளை, இணைப்பு வருவதற்கு முன்பே இறக்கிவிடுங்கள்.

கடலும் வாவியும் இரண்டு பக்கமும் இருக்கிற நிலத்தில் உப்புக் காற்று இரும்பை விடாது. துத்தநாகம் பூசிய மலிவான கொளுக்கி சீக்கிரம் துருவேறிச் சுவரில் சிவப்புக் கோடு விடும், பிறகு ஒரு மழை இரவில் கழரும். துருப்பிடிக்காத எஃகுக் கொளுக்கியும் திருகாணியும் போடுங்கள். கேபிளைக் கட்டும் பிளாஸ்டிக் டை கறுப்பாக இருக்கட்டும், வெள்ளை டை வெயிலில் நொறுங்கும்.

சுவர் வேலைக்கு ஏணி வைக்கும்போது, ஏணி 4 மீற்றர் உயரத்தில் சாய்ந்திருந்தால் அதன் கால் சுவரிலிருந்து 1 மீற்றர் தள்ளி இருக்க வேண்டும். மணல் வளவில் ஒரு கால் மட்டும் புதைந்து ஏணி சரிவதுதான் அதிகம் நடக்கிறது. இரண்டு காலுக்கும் கீழே அகலமான பலகை ஒன்றைப் போட்டு, ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கரண்ட் வயர் உள்ள பக்கத்தில் அலுமினிய ஏணி வேண்டாம். நனைந்த மூங்கில் ஏணியும் மின்சாரத்தைக் கடத்தும். அஸ்பெஸ்டஸ் சீற் கூரையில் காலை வைக்காதீர்கள், பழைய சீற் ஆள் பாரத்தைத் தாங்காது. அதில் துளை போடவும் வேண்டாம், அந்தத் தூசி நுரையீரலுக்குப் பொல்லாதது. சுவரில் துளைக்க எப்போதும் இடம் இருக்கும்.

துளைக்கு 8 அல்லது 10 மில்லிமீற்றர் பிற் போதும். சுவிச், பிளக் உள்ள இடங்களுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளைக்காதீர்கள், சுவருக்குள் புதைத்த வயர் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் போகும். துளைக்கத் தொடங்கும் முன் ட்ரிப் சுவிச்சில் உள்ள சோதனைப் பட்டனை அழுத்திப் பாருங்கள். உடனே விழ வேண்டும், விழாவிட்டால் அதை மாற்றிய பிறகுதான் மற்ற வேலை. துளை உள்ளே உயரமாகவும் வெளியே தாழ்வாகவும் சரிந்திருக்கட்டும். வெளியே கேபிள் துளைக்குள் நுழையும் முன் ஒரு சாண் கீழே இறங்கி மறுபடி மேலே ஏற வேண்டும், அப்போதுதான் மழைத்தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். கடைசியில் இரண்டு பக்கமும் சிலிக்கன் பூசி அடையுங்கள். அடைக்காத துளைக்குள் முதல் மாரிக்கே எறும்பும் ஈரமும் வந்துவிடும்.

உள்ளே கேபிளைத் திருப்பும் மூலைகளில் வளைவு 3 சென்ரிமீற்றர் ஆரைக்குக் குறையாமல் இருக்க வேண்டும், ஒரு சோடாப் போத்தலைச் சுற்றிய அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அலுமாரிக்குப் பின்னால் நசிபடவோ, கதவு நிலையில் ஆணி அடிக்கவோ விடாதீர்கள். உட்புறக் கேபிள் வெளிக் கேபிளைப் போல இழுவையைத் தாங்காது. குழாய்க்குள் சிக்கினால் பலமாக இழுக்காமல் மறுமுனையிலிருந்து தள்ளிக்கொடுங்கள். சுவர்ப் பெட்டிக்குள் ஒரு மீற்றர் மேலதிகமாகச் சுருட்டி வையுங்கள், கேபிள் முனையில் செருகுவதற்குப் போடும் தலை (கனெக்டர்) பழுதானால் வெட்டி மீண்டும் போட அது வேண்டும்.

தலை போடும் வேலையை நிறுவனத்து ஆளிடமே விடுங்கள். இழை 125 மைக்ரோன் தடிப்பான கண்ணாடி. வெட்டும்போது தெறிக்கும் துண்டு கண்ணுக்குத் தெரியாது. தோலில் ஏறினால் வலிக்கும், கண்ணில் பட்டால் வைத்தியசாலைதான். கறுப்பு விரிப்பில் வைத்து வெட்டி, துண்டுகளை மூடியுள்ள போத்தலில் போட வேண்டும். பிள்ளைகள் இருக்கும் அறையில், சாப்பாட்டு மேசையில் அந்த வேலையைச் செய்ய விடாதீர்கள். இழையின் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவும் கூடாது. உள்ளே வரும் 1490 நனோமீற்றர் லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. வெளிச்சம் தெரியவில்லை என்பதால் ஒளி இல்லை என்று நினைக்கக் கூடாது.

பச்சைத் தலையும் நீலத் தலையும் ஒன்றல்ல. பச்சைத் தலையின் முனை 8 பாகை சாய்வாகத் தேய்த்தது, நீலத் தலைக்கு அந்தச் சாய்வு இல்லை. இரண்டையும் ஒன்றில் ஒன்று செருகினால் இடையில் காற்று நின்று ஒளி குறையும், முனைகளும் கீறிப்போகும். விரலால் தொட்ட தலையை அப்படியே செருகாதீர்கள், தூசு விடாத துணியில் ஐசோபுரப்பைல் அல்ககோல் தொட்டு ஒரே பக்கமாகத் துடைக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் ஒளி அளவு எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள், அல்லது போனிலோ கணினியிலோ திறக்கும் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் நீங்களே பாருங்கள். வீடுகளுக்கு வரும் சாதாரண ஜீபொன் பெட்டி (பைபர் ரவுட்டர்) மைனஸ் 8 முதல் மைனஸ் 27 டிபிஎம் வரை வாசிக்கும். டிபிஎம் என்பது ஒளியின் பலத்தை அளக்கும் அலகு, மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாக ஒளி குறைவு. மைனஸ் 15க்கும் மைனஸ் 24க்கும் இடையில் இருந்தால் நிம்மதி. மைனஸ் 26இலும் இணையம் வேலை செய்யும், அதனால்தான் பலர் அதைக் கவனிக்காமல் விடுகிறார்கள். ஆனால் ஒவ்வொரு 3 டிபி குறைவுக்கும் ஒளி பாதியாகிறது. பிறகு எங்காவது கொஞ்சம் ஈரமோ வளைவோ சேர்ந்தால், ஒளி வரவில்லை என்று காட்டும் சிவப்பு விளக்கு பெட்டியில் எரியத் தொடங்கும். போஸ்டில் 32 வீட்டுக்குப் பிரிக்கும் ஸ்பிளிற்றர் மட்டும் ஏறத்தாழ 17 டிபியை எடுத்துக்கொள்கிறது. மிஞ்சியிருப்பதை வீட்டுக்குள் ஒரு மோசமான வளைவில் தொலைத்துவிட வேண்டாம். அந்த எண்ணைத் திகதியோடு பெட்டியின் பின்பக்கம் எழுதி ஒட்டுங்கள்.

இனித் தங்கச்சி வீடு. எங்கள் பக்கத்தில் தாய் வீட்டு வளவிலேயே மகளுக்கும் வீடு கட்டிக் கொடுப்பது வழக்கம், ஆகவே இந்தக் கேள்வி ஏராளமான குடும்பங்களுக்குப் பொருந்தும். பெரும்பாலானோர் செய்வது, 30 மீற்றர் கெட் 6 கேபிளை (செம்புக் கம்பியாலான இணையக் கேபிள்) வாங்கி, கூரையிலிருந்து கூரைக்கு, சில இடங்களில் உடுப்புக் காயப்போடும் கயிற்றோடு சேர்த்தே கட்டிவிடுவது. இணையம் நன்றாகவே வரும், 100 மீற்றர் வரைக்கும் அந்தக் கேபிள் வேலை செய்யும். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டு வீட்டுக்கும் தனித்தனி மீற்றர், தனித்தனி எர்த் கம்பி. அருகில் இடி விழும்போது, அல்லது ஒரு வீட்டில் எர்த் பழுதாகி எங்காவது கசிவு ஏற்படும்போது, இரண்டு எர்த்துக்கும் இடையில் மின்னழுத்த வித்தியாசம் உண்டாகும். காய்ந்த மணலில் எர்த் கம்பி நன்றாகப் பிடிக்காது, ஈரமணலை எட்டும் ஆழத்துக்கு இறங்காத கம்பி என்றால் இன்னும் மோசம். அந்த வித்தியாசத்தைச் சமப்படுத்தச் செம்பு கேபிள் ஒரு பாதையாகிவிடும். ரவுட்டர் போர்ட்டுக்குள் உள்ள காப்பு 1500 வோல்ட்டுக்கே சோதிக்கப்பட்டது, இடிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. உலோக உறை போட்ட கேபிள் பாதுகாப்பு என்று நினைத்து வாங்குகிறவர்கள் இரண்டு எர்த்தையும் நேராகவே இணைத்துவிடுகிறார்கள். ஒரு வீட்டின் பழுது அதன் வழியே மற்ற வீட்டுப் பெட்டிக்கு வந்துவிடும்.

இதற்கு நல்ல வழி, இரண்டு வீட்டுக்கும் இடையிலும் உலோகமே இல்லாத பைபர். தேவையானவை: பலக் கம்பி நாராக உள்ள ஒற்றை இழைக் கேபிள், இரண்டு பக்கமும் தொழிற்சாலையிலேயே தலை போட்டது, 30 அல்லது 50 மீற்றர், மீடியா கொன்வேட்டர் (பைபரில் வரும் ஒளியைக் கெட் 6 கேபிளுக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) ஒரு சோடி, இரண்டு பக்கத்துக்கும் 2 மீற்றர் கெட் 6 துண்டு ஒவ்வொன்று. கொன்வேட்டர் வாங்கும்போது ஒன்று ஏ, மற்றது பி என்று இருக்க வேண்டும். ஒன்று 1310 நனோமீற்றர் ஒளியில் அனுப்பி 1550இல் வாங்கும், மற்றது அதற்கு எதிராகச் செய்யும். இரண்டும் ஒரே வகையாக இருந்தால் ஒருநாளும் பேசிக்கொள்ளாது. கொன்வேட்டரின் வாய் பெரும்பாலும் நீல நிறம், கேபிளின் தலையையும் அதற்கேற்ப நீலமாக வாங்குங்கள்.

இந்தக் கேபிளை மேலால் இழுக்காமல் மண்ணுக்குள் போடுவது நல்லது. 25 மில்லிமீற்றர் பிவிசி குழாயை அரை மீற்றர் ஆழத்தில், வாகனம் ஏறும் இடத்தில் இன்னும் கொஞ்சம் ஆழமாகப் புதையுங்கள். குழாய்க்குள் நைலோன் கயிறு ஒன்றை முன்பே விட்டுவையுங்கள். முடக்குக்கு எல்போ வேண்டாம், நீள வளைவுத் துண்டு போடுங்கள், தலையோடு கேபிள் எல்போவுக்குள் திரும்பாது. கிணற்று மோட்டர் வயர் போகும் குழாய்க்குள் இதை விடாதீர்கள், 30 சென்ரிமீற்றராவது தள்ளிப் புதையுங்கள். பிற்காலத்தில் யாராவது மோட்டர் வயரைத் தேடித் தோண்டும்போது இரண்டும் குழம்பக் கூடாது. குழாயின் இரண்டு வாயும் தரையிலிருந்து ஒரு முழம் மேலே வந்து கீழ்நோக்கித் திரும்பியிருந்தால் வெள்ளம் உள்ளே போகாது.

ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் அறைக்கு அறை கெட் 6 போடுவதில் பிரச்சினை இல்லை. மலிவு விலைக் கேபிளில் உள்ளது செம்பு பூசிய அலுமினியமாக இருக்கலாம், ஒரு நூலைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளை தெரிந்தால் வாங்க வேண்டாம், வளைத்தால் சீக்கிரம் முறியும். கரண்ட் வயர் குழாய்க்குள் அதை விடக் கூடாது. குறுக்கே கடக்க வேண்டியிருந்தால் நேர்க்குத்தாகக் கடக்கட்டும். தலை போடும்போது முறுக்கை 13 மில்லிமீற்றருக்கு மேல் பிரிக்காதீர்கள்.

ரவுட்டர் பெட்டியைத் தரையிலிருந்து ஒன்றரை மீற்றர் உயரத்தில் மாட்டுங்கள், மாரி வெள்ளம் வீட்டுக்குள் ஏறுகிற ஊர்கள் இவை. பைபர் வந்தால் இடிக்குப் பயமில்லை என்று கடைகளில் சொல்வதைப் பாதிதான் நம்பலாம். இழை வழியாக வராத இடி, சுவர் பிளக்கில் உள்ள அடப்டர் வழியாக வரும். மேற்கே மேகம் கறுத்து இடி முழங்கத் தொடங்கினால், அது தலைக்கு மேலே வருமுன் அடப்டரைப் பிளக்கிலிருந்து கழற்றுங்கள், சுவிச்சை நிறுத்துவது போதாது. எர்த் இல்லாத பிளக்கில் போட்ட சேர்ஜ் புரட்டெக்டர் தன் வேலையை முழுமையாகச் செய்யாது. 12 வோல்ட் மினி யூபிஎஸ் வாங்கினால், அடப்டரில் எழுதியுள்ள வோல்ட்டும் ஆம்பியரும் அதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள்.

காற்றுக்குப் பிறகு கேபிள் வீதியில் விழுந்து கிடந்தால், அது வெறும் இணையக் கேபிள்தானே என்று தூக்கி ஓரமாகப் போடாதீர்கள். அதோடு கரண்ட் வயரும் எங்காவது மேலே பின்னிக் கிடக்கலாம். பிள்ளைகளைத் தள்ளி நிறுத்திவிட்டு மின்சார சபையின் 1987க்குச் சொல்லுங்கள். யாருக்காவது கரண்ட் அடித்திருந்தால் கையால் இழுக்க வேண்டாம். வீட்டு வயர் என்றால் மெயின் சுவிச்சை விழுத்திவிட்டு அம்புலன்ஸ் சேவையின் 1990க்கு எடுங்கள். வீதி வயர் என்றால் சபை நிறுத்தும் வரைக்கும் கிட்டப் போகாதீர்கள்.